முதலில் தொட்ட யானை

மார்சிலிங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது. ‘ரெஃப்ரி அங்கிள்’ என்பார்கள். ரெஃப்ரி பந்தாட்டத்துக்கு, செஸ்ஸுக்கு ஆர்பிட்டர் என்று லிஃப்டில் நின்று எத்தனையோ முறை விளக்கியாயிற்று. கேட்கிறவன் தலையாட்டிவிட்டு மறுநாளும் ‘ரெஃப்ரி அங்கிள், சாப்டாச்சா?’ என்பான். அப்பா வைத்த கோவிந்தராசு என்ற பெயர் கரண்ட் பில்லில் மட்டும் இருக்கிறது.

நவம்பர் மாதம். விடியும்போதே மழை பிடித்துக்கொண்டிருந்தது. நான் கோப்பியைக் கலக்கிக்கொண்டு நிற்கும்போது ஐந்தாம் மாடி அன்னம்மாக்கா இரண்டு மாடி இறங்கி வந்து கதவைத் தட்டினார். எழுபத்திரண்டு வயது. படியில் வந்ததில் மூச்சு வாங்கியது.

“தம்பி, அவன் வரான்” என்றார்.

“யாருக்கா?”

“அகிலன்.”

அகிலன் அவருடைய இளைய மகன். செத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. எனக்குக் கரண்டி கைதவறிச் சிங்க்கில் விழுந்தது.

“உட்காருங்கக்கா. முதல்ல கோப்பி குடிங்க.”

“பைத்தியம்னு நினைக்காத. ஷோகேஸ் மேல அவன் செஸ் போர்டு இருக்குல்ல. நான் தொட மாட்டேன், சுத்தித்தான் தொடைப்பேன். ஒரு வாரமா காலையில விளக்கேத்த வந்தா காய்ங்க இடம் மாறி நிக்குது. நேத்து ஓரத்து யானை ஒரு கட்டம் தள்ளி நிக்குது.”

“உங்க மருமக வைஷாலி தொட்டிருக்கும்.”

“அவளுக்கு அதுல குதிரை எது கழுதை எதுன்னு தெரியாது லா. அவ உண்டு, அவ செடி நர்சரி உண்டு.” கோப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “எனக்குத் தெரியும் தம்பி, அவன் எதுக்கு வரான்னு. வர்ற ஞாயித்துக்கிழமை வருஷத் திதி. புள்ளை இல்லாம போயிட்டான். கூடப் பொறந்தவன் ஒருத்தன் உசிரோட இருக்கும்போது வேற எவன் கையில எள்ளும் தண்ணியும் விடச் சொல்றது? பெரியவன் வரணும். அதைத்தான் வந்து வந்து சொல்லிட்டுப் போறான்.”

பெரியவன் பிரபாகர். வருவான் என்று நான் சொல்லவில்லை. பொய் சொல்லும் வயதும் போய்விட்டது.

இந்த வீட்டுக் கதை எனக்கு அடிமுதல் தெரியும். இவர்கள் அப்பா முத்துசாமியும் நானும் செம்பவாங் கப்பல்பட்டறையில் வேலை பார்த்தவர்கள். நான் ஸ்டோரில், அவர் பெயிண்ட் செக்‌ஷனில். கேண்டீனில் வெள்ளைக்காரர்கள் ஆடுவதை எட்டி நின்று பார்த்து செஸ் படித்தவர். பார்த்ததில் பாதியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தானாகப் போட்டு நிரப்பிக்கொண்டார். கோட்டை கட்டுவது என்று ஒன்று உண்டு. ஒரே முறையில் ராஜாவும் யானையும் இடம் மாறி, ராஜா ஓரத்துக்குப் போய்ப் பத்திரமாகிவிடும். சட்டப்படி ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும். முத்துசாமி யானையைத்தான் முதலில் எடுப்பார். ஏனய்யா என்றால், “திருவிழாவுல யானை முன்னாடி போகும், சாமி பின்னாடிதான் வரும். உங்க ஊர்ல எப்படி?” என்பார். இரண்டு பிள்ளைகளும் அப்படியே படித்தார்கள்.

பெரியவன் பிறகு கிளப்புகளில் ஆடிப் பழக்கத்தை மாற்றிக்கொண்டான். சின்னவன் மாற்றிக்கொள்ளவில்லை. அப்பா இறந்த பிறகு அது அவனுக்கு இன்னும் இறுகிவிட்டது என்று நினைக்கிறேன்.

நடந்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. தேக்காவில் மசாலா அரைக்கும் கடைக்கு மேல்மாடியில் எங்கள் சங்கத்துக் கூடம் இருக்கிறது. அங்கே வருஷாவருஷம் போட்டி நடத்துவோம். கடைசிச் சுற்றில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். அகிலன் அரைப் புள்ளி முன்னால். வெள்ளைக்காய் அவனுக்கு. இத்தாலியன் என்கிற தொடக்கம். ராஜாவின் சிப்பாயைத் தள்ளி, குதிரையை விட்டு, மந்திரியைக் கோணலில் நிறுத்துவது. இருவரும் சின்ன வயதிலிருந்து ஆயிரம் தரம் ஆடியது. ஆறாவது முறையில் அகிலன் கோட்டை கட்டக் கையை நீட்டினான். யானையைத் தொட்டான். பிரபாகர் கையைத் தூக்கி, “ஆர்பிட்டர்” என்று கூப்பிட்டான்.

யானையை முதலில் தொட்டால் கோட்டை கட்ட முடியாது, யானையைத்தான் நகர்த்த வேண்டும். சட்டம் தெளிவு. நான் சொன்னேன். அகிலன் என்னைப் பார்க்கவில்லை. அண்ணனைத்தான் பார்த்தான்.

“அப்பா சொல்லிக் கொடுத்ததை நீயே தப்புங்கிறியா?”

“வீடு வேற, ஆட்டம் வேறடா. தொட்டா நகர்த்தணும்.”

அகிலன் யானையை நகர்த்தவில்லை. தோல்வி என்று தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிப் போனான். பிறகு இருவரும் பேசவில்லை. எட்டு மாதம் கழித்து, பஸ் டிப்போவில் டயர் மாட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். முப்பத்தெட்டு வயது. பிரபாகர் சாவுக்கு வந்தான். கார் பார்க்கில் மழையில் நின்றான், மேலே ஏறவில்லை. “நான்தான் கொன்னுட்டேன். எந்த மூஞ்சியோட மேல போறதுண்ணே?” என்று என்னிடம் கேட்டான். அதோடு சரி. அம்மா கூப்பிட்டாலும் போனை எடுப்பதில்லை. சனிக்கிழமைகளில் எங்காவது போட்டி நடந்தால் மட்டும் வந்து, யாரோடும் பேசாமல் ஆடிவிட்டுப் போவான்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் போட்டியின் முதல் ஐந்து சுற்றிலும் அகிலன் யானையைத்தான் முதலில் தொட்டான். எதிரே இருந்தவர்கள் கை தூக்கவில்லை. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். முத்துசாமி பிள்ளை, போகட்டும் என்று. ஒரு தரம் தனியாகக் கூப்பிட்டு, “தம்பி, இதை மாத்திக்க” என்று சொல்லியிருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. இரக்கம் என்று நினைத்துச் செய்தது, கடைசியில் அவன் கழுத்தில் விழுந்தது. ராத்திரி படுத்தால் அந்தக் கை யானையை நோக்கிப் போவது எனக்குத் தெரியும்.

அன்னம்மாக்கா வந்துபோன அன்று சாயந்திரமே வைஷாலி வந்தாள். அகிலனின் மனைவி. கிராஞ்சியில் ஒரு நர்சரியில் செடி பதியம் போடுகிற வேலை. நகக்கண்ணில் எப்போதும் மண் இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது என்பாள். மழையில் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறாள், பாவாடை முழங்கால்வரை ஈரம். பையிலிருந்து பிளாஸ்டிக்கில் சுற்றிய நோட்டுப்புத்தகத்தை எடுத்தாள்.

“அங்கிள், அத்தை வந்து சொன்னாங்களா? அவர் வரார்னு?”

“சொன்னாங்க. நீதானா நகர்த்துறே?”

“நான்தான். அத்தை எந்திரிக்கிறதுக்கு முன்னாடி, நாலரைக்கு. வேலைக்குப் போறதுக்குள்ள கொஞ்சம் பழகிக்கலாம்னு. அவங்க சந்தோஷப்படறாங்க, எப்படிச் சொல்றதுன்னு தெரியல.” நோட்டை விரித்தாள். “இது அவரோட லாக்கர்ல இருந்துச்சு. ஆஃபீஸ்ல ரெண்டு மாசம் முன்னாடிதான் குடுத்தாங்க. எனக்கு இந்த செஸ் எழுத்தெல்லாம் படிக்கத் தெரியல, யூடியூப் பார்த்துக் கத்துக்கிட்டேன். சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு நீங்க பாருங்க.”

பார்த்தேன். கடைசிச் சுற்று ஆட்டம். ஐந்து முறைவரை நடந்தது நடந்தபடி. ஆறாவதில் கோட்டை இல்லை. யானை ஒரு கட்டம் நகர்ந்திருந்தது, ஜி வரிசைக்கு. அதற்குப் பிறகு நடக்காத ஆட்டத்தை அவன் நடத்திக்கொண்டே போயிருந்தான். கோட்டை கட்ட முடியாமல் போன யானையின் முன்னால் இருந்த சிப்பாயைத் தள்ளி, தள்ளி, கறுப்பு ராஜாவின் வாசலைத் திறக்கிறான். தொட்ட பாவத்துக்கு நகர்ந்த யானை நல்ல இடத்தில்தான் நின்றது. தோல்வி என்று எழுதிக் கொடுத்தானே, அந்த ஆட்டத்தில் அவன் தோற்கவே இல்லை.

கறுப்பின் முறைகளுக்குப் பக்கத்தில் தமிழில் பொடியாக எழுதியிருந்தான். ‘இங்கே அண்ணன் அஞ்சு நிமிஷம் யோசிக்கும். காதைச் சொறியும். குதிரையைப் பின்னால இழுக்கும்.’ பதினான்காம் முறைவரை இருந்தது. பதினைந்து என்று எண் மட்டும் போட்டு, பக்கத்தில் வெறுமை. பக்கத்தின் அடியில், ‘ரிசைன் பண்ணது என் மடத்தனம். முடிச்சிட்டு அண்ணன்கிட்ட காட்டணும்.’

“இதைப் போட்டோ எடுத்து பிரபாகர் மாமாவுக்கு அனுப்பினேன்” என்றாள் வைஷாலி. “ஒரு டிக்கோட நிக்குது. பிளாக் பண்ணிட்டார் போல. வீட்டுக்குப் போனேன், உள்ளே லைட் எரியுது, கதவைத் திறக்கல. அவர் கோபத்தோட செத்துட்டாருன்னு மாமா நினைச்சுக்கிட்டு இருக்கார். அப்படியே விட்டா ஞாயித்துக்கிழமை வர மாட்டார். அப்புறம் என்னைக்குமே வர மாட்டார்.” மண் படிந்த விரலால் பலகையைக் காட்டுவது போல மேசையைத் தட்டினாள். “சனிக்கிழமை போட்டிக்குப் பேர் குடுத்திருக்கார்ல. என் பேரையும் எழுதிக்குங்க அங்கிள்.”

“நீ ஆடி என்ன பண்ணப் போறே? ஆட்டத்துல பேசக் கூடாது.”

“பேச வரல. ஆடிக் காட்ட வரேன். எந்திரிச்சுப் போக மாட்டார்ல, கடிகாரம் ஓடுதுல்ல.”

அந்த வாரம் நான் செய்ததைச் சங்கத்தில் யாருக்கும் சொல்லவில்லை. முதல் சுற்றில் பட்டியலின் மேல்பாதி கீழ்ப்பாதியோடு மோதும். இருபத்திரண்டு பேர். பிரபாகர் மூன்றாம் இடம், ஆகவே பதினான்காம் ஆளோடு ஆட வேண்டும். புதியவர்களை எந்த வரிசையில் எழுதுவது என்பது என் பேனாவில் இருந்தது. வைஷாலியைப் பதினான்கில் எழுதினேன். வெள்ளை யாருக்கு என்பதற்கு மட்டும் எல்லார் முன்னாலும் சீட்டுப் போட்டேன். அதில் என் கை இல்லை. வெள்ளை அவளுக்கு விழுந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணி. கீழே மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது, கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் தும்மினார்கள். வைஷாலி தேக்கா மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருந்தாள். மறுநாளைக்கு வேண்டிய சாமான் பையைக் காலடியில் வைத்தாள். வாழை இலைச் சுருளும் தர்ப்பைக் கட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பிரபாகர் வந்தான். நாற்காலியை இழுத்தவன் எதிரே யார் என்று பார்த்து அப்படியே நின்றான். பிறகு தர்ப்பையைப் பார்த்தான்.

“அண்ணே, இது என்ன?” என்றான் என்னிடம்.

“பட்டியல்ல இருக்கு. ஆடினா ஆடு, இல்லைன்னா எழுதிக் குடு” என்றேன். சற்றுக் கடுமையாகத்தான் சொன்னேன்.

உட்கார்ந்தான். ஆளுக்கு ஒரு மணி நேரம். கடிகாரத்தைத் தட்டினேன்.

ராஜாவின் சிப்பாய். குதிரை. மந்திரி. அவள் ஆடிய ஒவ்வொன்றுக்கும் பிரபாகரின் கை தானாகப் பதில் சொன்னது. நாலாவது முறையிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. வேறு ஏதாவது ஆடித் தப்பித்திருக்கலாம். ஆடவில்லை. ராஜாவை முதலில் தொட்டு முறையாகத் தன் கோட்டையைக் கட்டினான். ஆறாவது முறை வந்தது. வைஷாலி கையை நீட்டி, யானையின் தலையில் விரலை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

பிரபாகரின் வலது கை மேசையிலிருந்து அரை அடி எழுந்தது. பழக்கம். எழுந்த கையை அவன் பார்த்தான். இறக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

வைஷாலி யானையை ஒரு கட்டம் நகர்த்தினாள். அன்றைக்கு நகராத யானை.

அதற்கு மேல் நான் வேறு மேசைப் பக்கம் போகவே இல்லை. ஆர்பிட்டருக்கு அது அழகில்லை, தெரியும். பிரபாகர் ஒன்பதாவது முறையில் ஐந்து நிமிஷம் யோசித்தான். காதைச் சொறிந்தான். குதிரையைப் பின்னால் இழுத்தான். பத்தாவதும் அப்படியே. பதினொன்றும். செத்தவன் எழுதி வைத்ததை உயிரோடு இருப்பவன் வரி பிசகாமல் ஆடிக்கொண்டிருந்தான். இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு தெரியாது, இது வேறு ஆளின் ஆட்டம் என்று அவனும் கண்டுகொண்டான். ஒவ்வொரு வெள்ளை முறைக்கும் நிமிர்ந்து அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தான். அங்கே சுவர்தான் இருந்தது.

பதினான்காவது முறை ஆடிக் கடிகாரத்தைத் தட்டினான். வைஷாலியின் கடிகாரம் ஓடத் தொடங்கியது. அவளிடம் ஐம்பத்திரண்டு நிமிஷம் மீதி. நோட்டு முடிந்துவிட்டது. அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தாள்.

ஐம்பத்திரண்டு நிமிஷமும் பார்த்தாள். அவர் ஆடாத ஆட்டத்தை நான் ஆட மாட்டேன் என்று முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள். எதிராளி யோசிக்கும்போது ஆட்டக்காரர்கள் எழுந்து நடப்பார்கள், தண்ணீர் குடிப்பார்கள். பிரபாகர் எழுந்திருக்கவில்லை. பக்கத்து மேசைகள் முடிந்து ஆட்கள் சாப்பிடப் போனார்கள். கீழே அரைவை நின்றது. சாவு வீட்டில் வந்து உட்காராதவன் அன்றுதான் துக்கத்துக்கு உட்கார்ந்தான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து சட்டையில் விழுந்தது, துடைக்கவில்லை. வைஷாலியும் நிமிரவில்லை. பேசுவதற்குச் சட்டம் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்தது. நான் நிறுத்தினேன். கறுப்பு வென்றது என்று எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். வைஷாலி நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தை விரித்து அவன் முன்னால் வைத்தாள். “முகம் கழுவிட்டு வரேன் மாமா” என்று எழுந்து போனாள்.

அவன் படித்தான். ‘காதைச் சொறியும்’ என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தான். பிறகு தன் ஆட்டத்தாளை என்னிடமிருந்து திரும்ப வாங்கி, பதினைந்தாம் எண்ணுக்கு எதிரே வெள்ளையின் கட்டத்தில் ஏதோ எழுதி மடித்துக் கொடுத்தான்.

“இந்த இடத்துல நானா இருந்தா இதைத்தான் ஆடுவேன். அவன் என்ன நினைச்சிருந்தான்னு தெரியாது. வைஷாலிகிட்டக்கூட காட்டாதீங்கண்ணே.”

பார்த்தேன். அதே யானை. வரிசையில் நேரே ஏறிக் கறுப்பு ராஜாவின் வாசலில் போய் நிற்கிறது, ஜி ஆறாம் கட்டத்தில். வெட்ட வேண்டிய சிப்பாயை மந்திரி கட்டி வைத்திருக்கிறது, வெட்டவும் முடியாது.

வைஷாலி ஈர முகத்தோடு வந்து பையைத் தூக்கினாள். பிரபாகர் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

“நாளைக்குத் திதி குடுக்கப் பண்டாரம் எத்தனை மணிக்கு வரார்?”

“ஏழு மணிக்கு மாமா.”

வீட்டுக்குப் போனதும் அந்தத் தாளை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

ஞாயிறு காலை மழை இல்லை. ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பிரபாகர் வெள்ளை வேட்டியோடு ஐந்தாம் மாடி வாசலில் வந்து நின்றான். உள்ளே கால் வைக்கவில்லை. அன்னம்மாக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“செருப்பைக் கழட்டிட்டு வாடா” என்றார்.

பண்டாரம் சொல்லச் சொல்லப் பிரபாகர் செய்தான். தர்ப்பை மோதிரத்தைப் போட்டுக்கொண்டு, தம்பி பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணியும் விட்டான். பெயரைச் சொல்லும்போது மூன்று தரமும் குரல் உடைந்தது. படையல் இலையில் உளுந்து வடை, வாழைக்காய், அகிலனுக்குப் பிடித்த கங்கோங் கீரைச் சம்பல். பண்டாரம் தட்சிணை வாங்கிக்கொண்டு புறப்பட்டார்.

அன்னம்மாக்கா மருமகள் பக்கம் திரும்பினார். “நேத்து ராத்திரி எல்லாத்தையும் சொல்லிட்டே, நான்தான் காயை நகர்த்தினேன்னு. அப்புறம் ஏன் இன்னைக்கும் நகர்த்தினே?”

“இன்னைக்கு நான் தொடலையே அத்தை. வெள்ளிக்கிழமை அந்த நோட்டுல முடிஞ்ச மாதிரி வச்சதுதான்.”

“விளக்கேத்தும்போது பார்த்தேன். யானை நடுவுல ஏறி நிக்குது.”

பிரபாகர் ஷோகேஸ் பக்கம் போனான். நானும் போனேன். பதினான்காம் முறையில் நிற்க வேண்டிய பலகை. காய்கள் எல்லாம் அப்படியே இருந்தன, ஒன்றைத் தவிர. வெள்ளை யானை கறுப்பு ராஜாவின் வாசலில் நின்றது. ஜி ஆறு.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “அண்ணே?”

“நான் யார்கிட்டயும் சொல்லலடா. என் அம்மா மேல ஆணை” என்றேன். என் கை இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்தது. எனக்கு அறுபத்தாறு வயது, இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் சிரித்துத் தள்ளுகிறவன். அன்று சிரிக்க வரவில்லை. பயமாக இருந்தது.

“என்ன மாமா?” என்றாள் வைஷாலி. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அன்னம்மாக்கா ஒருவர்தான் பதறவில்லை. படையல் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டு எழுந்தார்.

“தொட்டா நகர்த்தித்தான் ஆகணும்னு நீதானடா அன்னைக்குக் கை தூக்கிச் சொன்னே. நகர்த்திட்டான். இப்ப உன் முறை.”

பிரபாகர் பலகையை வெகுநேரம் பார்த்தான். பிறகு ஈரத் தர்ப்பை மோதிரம் போட்ட விரலால் கறுப்பு ராஜாவைப் பிடித்து மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்தான்.

“நீ ஜெயிச்சிட்டடா” என்றான். அதற்கு மேல் நிற்க முடியாமல் ஷோகேஸைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் இழுத்துக்கொண்டார். வைஷாலி அடுப்படிக்குப் போய் நாலு இலை எடுத்து வந்து போட்டாள்.

எந்தப் பட்டியலிலும் அந்த ஆட்டம் இல்லை. வெள்ளை வென்றது. இந்தத் தரம் நான் திரும்பிக்கொள்ளவில்லை, பார்த்தேன்.